புயல் சின்னமே இல்லை, வாழை மட்டும் மொத்தமாகப் படுத்துவிட்டது: இது என்ன காற்று?

படுகைவாசி (திருக்காட்டுப்பள்ளி)

எல்லோருக்கும் வணக்கம். குடமுருட்டிப் படுகையில் மூன்று மா நிலத்தில் கற்பூரவள்ளி வாழை போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் தார் தள்ளியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வரை வெயில் கொளுத்தியது. ஆறு மணி வாக்கில் மேற்கே கல்லணைப் பக்கம் கறுத்து, சில்லென்று ஒரு காற்று வந்தது. கோடை மழை வருகிறது என்று எல்லோரும் சந்தோஷமாக வாசலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் புழுதி. ஓடு பறந்தது, தெருவில் கம்பி அறுந்தது. மழை என்று பார்த்தால் முற்றம்கூடச் சரியாக நனையவில்லை.

காற்று நின்றதும் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். கொல்லை முழுக்கக் கிழக்கே தலைவைத்துப் படுத்துக்கிடக்கிறது. சவுக்கு முட்டு கொடுத்த மரங்களும் முட்டோடு சேர்ந்து போய்விட்டன. இதில் வேடிக்கை, வடக்கே கூப்பிடு தூரத்தில் பங்காளியின் பூவன் வாழை ஒன்றுகூடச் சாயவில்லை.

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுகூடக் கிடையாது. ஊரில் ஒருவர் டொர்னேடோ என்கிறார், இன்னொருவர் குட்டிப் புயல் என்கிறார். மச்சான் அமெரிக்காவில் அடித்த ‘டெரேச்சோ’ என்று ஒரு வீடியோ அனுப்பி, இதுதான் அது என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிக்கால் (பாபநாசம்)

தம்பி, நஷ்டத்துக்கு முதலில் வருத்தம். எங்கள் பக்கமும் வெற்றிலைக் கொடிக்காலில் நாலு வரிசை அகத்தி சாய்ந்து, கொடியும் கூடவே இறங்கிவிட்டது. ஆனால் இதற்கெல்லாம் அமெரிக்கப் பேர் தேட வேண்டுமா? கோடை இடியோடு வருகிற சூறைக்காற்று. எங்கள் அப்பா காலத்திலும் வந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள், இது அதற்கு முன்னாலேயே சித்திரையில் வந்து ஓட்டைப் பிரித்துவிட்டுப் போகும். இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது?

வெண்ணாறு (ஒரத்தநாடு)

கஜாவைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு காற்றே இல்லை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. விடியும்போது எங்கள் தோப்பில் நின்ற தென்னையை எண்ண ஒரு கை போதும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, அந்தப் பக்கம் ஆலங்குடி, வடகாடு என்று உள்ளே உள்ளே போய், கொடைக்கானல் மலை வரை மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது. மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். உள்நாட்டுப் புயல் என்றால் அதைச் சொல்லுங்கள். பத்து நிமிடக் காற்றுக்குப் புயல் பட்டம் கொடுத்தால் புயலுக்கு என்ன மரியாதை?

மேகம்பார்த்தான் (கும்பகோணம்)

வெண்ணாறு அண்ணே, கஜாவோடு எதையும் ஒப்பிட வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தனி வாழை மரத்தைப் பொறுத்தவரை காற்று கடலில் இருந்து வந்ததா, கல்லணைக்கு மேலே இருந்து வந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கணத்து வீச்சு எவ்வளவு என்பதுதான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழுகிற தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. காற்றில் நிற்கிற மரம் 100-ல் நிற்காது. தார் தள்ளிய வாழைக்கு அவ்வளவும் வேண்டாம், தலைக்கனம் இருக்கிறது, தண்டு முழுக்கத் தண்ணீர், வேரும் மேலாக ஓடுவது.

இப்போது படுகைவாசி கேட்டதற்கு வருகிறேன். புயல் சூடான கடல் நீரில் இருந்து சக்தி எடுக்கிறது. கரை ஏறியதும் அந்தத் தீனி நின்றுபோய் இளைக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் நாம் பார்ப்பது வேறு சாதி. செய்தியில் ‘வெப்பச்சலனம் காரணமாக’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், உள்ளே நடப்பது சுவாரசியமானது. திருச்சி, கரூர், பெரம்பலூர்ப் பக்கம் 40 டிகிரிக்குக் காய்ந்து கிடக்கிறது. மேலே இடிமேகம் கட்டுகிறது. அதில் இருந்து விழுகிற மழை, கீழே உள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அப்படியே தொப்பென்று கீழே இறங்குகிறது. வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபக்கமும் சீறி ஓடுமே, அதே கதைதான். அதைத்தான் டவுன்பர்ஸ்ட் என்கிறார்கள். உங்கள் வாசலில் முதலில் வந்த சில்லென்ற காற்று அதன் முன்னோடி. முற்றம் நனையாததற்கும் காரணம் அதுவே, மழையாக வந்து சேர வேண்டியது வழியிலேயே காற்றாகிவிட்டது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டெட் ஃபுஜிட்டா என்ற வானிலை அறிஞர். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் ஒரு விமானம் இடிமழையில் தரையிறங்கும்போது விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்துதான் இப்படிக் கீழ்நோக்கிக் கொட்டுகிற காற்று விமானத்தையே அமுக்கிவிடும் என்றார். ஆரம்பத்தில் நிறையப் பேர் நம்பவில்லை.

டெரேச்சோ என்பது இந்தக் கொட்டல் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவது. வழக்கமான அளவுகோல்: சேதப் பாதை குறைந்தது 400 கி.மீ. நீளம் இருக்க வேண்டும், அந்தப் பாதையின் பெரும்பகுதியில் மணிக்கு 93 கி.மீ.க்குக் குறையாத வீச்சு இருக்க வேண்டும். 1877 ஜூலையில் அயோவா மாநிலத்தை அடித்த ஒரு காற்றை ஆராய்ந்து, இது டொர்னேடோ அல்ல, நேராக ஓடும் காற்று என்று 1888-ல் எழுதிப் பெயரும் வைத்தவர் குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ் என்ற பேராசிரியர். ஆக, உங்கள் மச்சான் சொன்னது பாதி சரி. காற்றின் பிறப்பு ஒன்றுதான், ஆனால் அளவில் நம்முடையது அதன் பேரப்பிள்ளைகூட இல்லை.

கொடிக்கால்

அதைத்தானே நான் ஒரே வரியில் சொன்னேன்.

அயோவா_மாப்பிள்ளை (பூர்வீகம் மன்னார்குடி)

நான் இருப்பது அயோவாவில் சீடர் ராப்பிட்ஸ் நகரம். 2020 ஆகஸ்ட் 10 டெரேச்சோ நேராக எங்கள் ஊர் மேல்தான் போனது, அதனால் எழுதுகிறேன்.

கொரோனாக் காலம், வீட்டில் இருந்து வேலை. முந்தின நாள் முன்னறிவிப்பில் இப்படி ஒன்று வரப்போவதாக யாரும் சொல்லவில்லை. காலையில் தெற்கு டகோட்டாப் பக்கம் உருவானது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு எங்களிடம் வந்துவிட்டது. மேற்கே பச்சையும் கறுப்புமாக ஒரு சுவர் நகர்ந்து வந்தது. சைரன் ஊதியதும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். சாதாரண இடிமழைக் காற்று ஐந்து நிமிடத்தில் ஓயும், இது அரை மணிக்கு மேலும் விடவில்லை. என்னைப் பயமுறுத்தியது வேகத்தை விட அந்த நீளம்தான்.

ஊருக்குப் பக்கத்தில் ஆட்கின்ஸ் என்ற இடத்தில் கருவியில் பதிவானது மணிக்கு 203 கி.மீ. எங்கள் ஊரில் இடிபாடுகளைப் பார்த்துக் கணித்தது சுமார் 225. மொத்தம் 14 மணி நேரத்தில் 1,200 கி.மீ.க்கு மேல் ஓடி ஒஹாயோவில் போய் அடங்கியது. நகரத்தின் மர நிழலில் பாதிக்கு மேல் ஒரே மத்தியானத்தில் காணாமல் போனது. தெருவில் கார் போக வழி இல்லை, கரண்ட் வர நாள் கணக்கானது, பக்கத்து வீட்டுக்காரர் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வந்து எங்கள் வாசலைத் திறந்துவிட்டார்.

வயல்களைப் பற்றிச் சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியும். அயோவா முழுக்க மக்காச்சோளம். அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போது லட்சக்கணக்கான ஏக்கர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தானியம் கொட்டுகிற பெரிய எஃகுக் குதிர்கள் நசுங்கிக் கிடந்தன. மொத்தச் சேதம் 1,100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவுக்கும் டி.வி.யில் பெயர் இல்லை, எண் இல்லை, கடற்கரையில் நின்று கத்துகிற நிருபர் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு விஷயம் போய்ச் சேரவே நாளானது.

வெண்ணாறு

மாப்பிள்ளை, கடைசியில் சொன்னீர்களே அது உண்மை. கஜாவிலும் உள்ளே இருக்கிற கிராமங்களுக்கு யாரும் உடனே வரவில்லை, கேமரா எல்லாம் முதலில் கடற்கரையில்தான் நின்றது. 200 கி.மீ. என்பது எனக்கே புதுச் செய்தி. சரி, அது இங்கே வருமா வராதா?

மேகம்பார்த்தான்

இந்த அளவில் வராது. இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, ஓடுவதற்கு இடமே இல்லை. கோவையில் இருந்து நாகப்பட்டினம் வரை நேர்க்கோடு போட்டால் 300 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இந்தப் பக்கம் கடல். 400 கி.மீ. சேதப் பாதை வேண்டும் என்றால் தமிழ்நாட்டின் அகலமே பற்றாது! அமெரிக்கச் சமவெளியில் ராக்கி மலை அடிவாரத்தில் கிளம்பினால் தடுக்க ஒன்றும் கிடையாது.

இரண்டாவதுதான் முக்கியம், மேல்காற்று. இடிமேகத்துக்கு அடியில் தேங்குகிற குளிர்காற்று முன்னால் ஓடி, எதிரே உள்ள சூடான ஈரக்காற்றை மேலே தூக்கிப் புது மேகம் கட்டும். இது தொடர்ந்து நடக்க, தரையில் இருந்து மேலே போகப் போகக் காற்றின் வேகமும் திசையும் நன்றாக மாற வேண்டும். அப்போதுதான் ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கும். பின்னால் இருந்தும் ஒரு வேகக் காற்று மேகக்கூட்டத்துக்குள் புகுந்து தரைக்கு இறங்கும். ராடாரில் அந்த வரிசை முன்னோக்கி வில்லாக வளைந்து தெரியும். நம் கோடையில் மேலே காற்று மந்தம். குளிர்காற்று மேகத்தை விட்டுவிட்டுத் தானாக முன்னால் ஓடிவிடும், பின்னால் மேகத்துக்குத் தீனி கிடைக்காது, இரண்டு மூன்று மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

வடக்கே நிலைமை வேறு. சோட்டா நாக்பூர் மேட்டில் இருந்து வங்காளத்துக்கு வருகிற காலபைசாகி என்ற கோடை இடிப்புயல் 100 கி.மீ. வீச்சைத் தாண்டுவது உண்டு. அங்கே ஓட நிலமும் உண்டு, பங்குனி சித்திரையில் மேல்காற்றும் உண்டு. 2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் ஒரே இரவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை.

தஞ்சை_டீச்சர்

பள்ளியில் புவியியல் எடுக்கிறேன், இந்த இழையை அப்படியே பாடமாக வைக்கலாம் போல. ஒரு சந்தேகம். புயலுக்கு நடுவில் கண் இருக்கும், அங்கே காற்று அடங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நிலத்தில் உருவாவதற்குக் கண் கிடையாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேகம்பார்த்தான்

பொதுவாக அப்படித்தான் டீச்சர். ஆனால் விதிவிலக்கு இரண்டு சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

2009 மே 8 அன்று கான்சாஸில் கிளம்பி மிசூரி, தெற்கு இல்லினாய் வழியாகப் போன ஒரு டெரேச்சோ. வில்லாக வளைந்த வரிசையின் வடக்கு முனையில் ஒரு பெரிய சுழற்சி உண்டாகி, ராடார் படத்தில் கண் போலவே ஒரு வெற்றிடம் தெரிந்தது. அதனால்தான் அதை ‘உள்நாட்டு ஹரிகேன்’ என்று எழுதினார்கள். ஆனால் அந்தச் சுழற்சி இடிமேகக் கூட்டம் தானே உண்டாக்கிக்கொண்டது, கடலில் இருந்து கொண்டுவந்தது அல்ல.

இன்னொன்று எரின், 2007 ஆகஸ்ட். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு சுமாரான வெப்பமண்டலப் புயலாகப் பிறந்து, டெக்சாஸில் கரை ஏறி, இளைத்துப்போய், ஆள் அவ்வளவுதான் என்று நினைத்தபோது ஓக்லஹோமாவில், கடலில் இருந்து பல நூறு கி.மீ. உள்ளே, மறுபடி வலுத்துக் கண்ணும் காட்டியது. அதற்கு முன் பெய்த மழையில் மண் நன்றாக ஊறி, சூடாகவும் இருந்தது. ஈர மண்ணே கொஞ்ச நேரம் கடலின் வேலையைப் பார்த்திருக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

தஞ்சை_டீச்சர்

அப்படியென்றால் ஐப்பசி கார்த்திகையில் நம் டெல்டா முழுக்கத் தண்ணீர் நிற்கிற சம்பா வயல்தானே. நாமே புயலுக்குத் தீனி போடுகிறோமா?

மேகம்பார்த்தான்

நல்ல கேள்வி, ஆனால் நம் புயல்கள் டெல்டாவில் தங்குவதில்லை. நாகையில் ஏறி திருச்சி வரை நூற்றைம்பது கி.மீ.க்குள்தான், சில மணி நேரத்தில் கடந்துவிடும். கரை ஏறிய பிறகு புயல் எவ்வளவு உள்ளே வரும் என்பதில் அது நகரும் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இளைப்பதற்குள் ஓடிவிட்டால் உள்ளூரும் அடி வாங்கும். 1977 நவம்பர் 12 புயலை நினைத்துப் பாருங்கள். நாகைக்குத் தெற்கே ஏறியது, உள்மாவட்டங்களைத் தாண்டிக் கடைசியில் அரபிக்கடல் வரை போனது. திருச்சிக்காரர்களைக் கேட்டால் அந்த வெள்ளத்தை இன்னும் சொல்வார்கள்.

பழைய_மிராசு (திருவையாறு)

கேட்கவே வேண்டாம், நானே சொல்கிறேன். அந்தப் புயலில் எங்கள் வீட்டு நெற்குதிரில் தண்ணீர் ஏறி நெல் முளைத்துவிட்டது. அதற்கு முன் 52-ல் ஒன்று, 55-ல் ஒன்று என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இழைக்குச் சம்பந்தம் இல்லாதது, மன்னிக்கவும்.

படுகைவாசி

எல்லோருக்கும் நன்றி. ஊரில் இன்னும் ‘டொர்னேடோதான், சுழன்று வந்ததைக் கண்ணால் பார்த்தேன்’ என்கிறார் ஒருவர். வெயில் நேரத்தில் களத்துமேட்டில் சுழலுமே பேய்க்காற்று, அது பெரிதாகி வந்தது என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மேகம்பார்த்தான்

பேய்க்காற்று வெயில் காய்ந்த தரையில் இருந்து மேலே எழும்புவது, அதற்கு மேகமே வேண்டாம். டொர்னேடோ இடிமேகத்தில் இருந்து தொங்குவது. உங்களுடையது இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். புழுதி முன்னால் உருண்டு வரும்போது பார்ப்பவருக்குச் சுழல்வது போலத்தான் தெரியும்.

சண்டை போட வேண்டாம், மரத்தையே கேளுங்கள். ஃபுஜிட்டா செய்ததும் அதுதான், விமானத்தில் பறந்து விழுந்த மரங்களைப் படம் எடுத்து அம்புக்குறி போட்டார். எல்லா மரமும் ஒரே திசையில் என்றால் நேர்க்காற்று. ஒரு இடத்தில் இருந்து விசிறியாக விரிந்து விழுந்திருந்தால் டவுன்பர்ஸ்ட். குறுகிய பாதையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, உள்நோக்கிக் கிடந்தால் சுழல். கொல்லையின் வடக்கு ஓரம், நடு, தெற்கு ஓரம் மூன்றிலும் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வெண்ணாறு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. கஜாவில் எங்கள் பக்கம் முதலில் வடக்கே இருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்தது, போய்விட்டது என்று சிலர் வெளியே வந்தார்கள். அப்புறம் தெற்கே இருந்து திரும்பி அடித்ததுதான் பெரிய அடி. தோப்பில் தென்னைகள் இரண்டு திசையிலும் கிடந்தன, சிலது ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக. அப்போது இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

படுகைவாசி

பார்த்துவிட்டேன். நடுவில் நேர்க் கிழக்கு. வடக்கு ஓரத்து மரங்கள் வடகிழக்கே, தெற்கு ஓரம் தென்கிழக்கே. வரப்பில் நின்ற இரண்டு தேக்கும் அதே போல விரிந்துதான் ஒடிந்திருக்கின்றன. ஆற்றுக்கு மேற்கே ஒரு பர்லாங் தள்ளி ஒரு களத்தில் தகரக் கூரை தூக்கி எறியப்பட்டிருக்கிறது, அதற்கும் மேற்கே சேதமே இல்லை.

மேகம்பார்த்தான்

அப்புறம் என்ன, விசிறி விரிந்துவிட்டது. அந்தத் தகரக் கூரைக்கு மேலேயோ சற்றுத் தள்ளியோ கொட்டியிருக்கிறது. மேகம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் அடி அதிகம். பங்காளியின் பூவன் விசிறிக்கு வெளியே நின்றது, அவ்வளவுதான். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

கொடிக்கால்

சரி தம்பி, நன்றாகவே சொல்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் தெரிந்து விவசாயிக்கு என்ன லாபம்? மரம் விசிறியாக விழுந்தால் என்ன, பாயாக விழுந்தால் என்ன, காசு வருமா? போன தடவை காற்றில் கொடிக்கால் சாய்ந்தபோது ஒரு அலுவலகத்துக்குப் போனேன். ‘உங்கள் பக்கம் புயல் எதுவும் அறிவிக்கவில்லையே’ என்று திருப்பி அனுப்பினார்கள்.

சிட்டா_அடங்கல் (கும்பகோணம்)

அண்ணே, அங்கேதான் உண்மையான சிக்கல். மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் 12 இருக்கின்றன. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர். கோடை இடியின் சூறைக்காற்று அதில் தனியாக இல்லை. மாநிலங்கள் தங்கள் பகுதிக்கு என்று சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை அதற்குச் செலவழிக்கலாம்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காற்றுச் சேதம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது பகுதி அளவில் மகசூல் குறைந்ததா என்று பார்த்துத்தான் கணக்காகும். தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருகிற பிரிவில் ஆலங்கட்டி, நிலச்சரிவு, தண்ணீர் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் தீ போன்றவைதான். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். கஜா மாதிரி வந்தால் ஊர் மொத்தமும் விழும், பகுதிச் சராசரியே சரிந்துவிடும். விசிறிக் காற்றில் ஒருவர் கொல்லை போகும், பக்கத்துக் கொல்லை நிற்கும். சராசரி எடுத்தால் படுகைவாசிக்கு நஷ்டமே இல்லை என்று வரும்! காற்றின் குணமே துண்டு துண்டாக அடிப்பது, திட்டம் அளப்பது மொத்தமாக.

அயோவா_மாப்பிள்ளை

இங்கே காற்றில் சாய்ந்த பயிருக்குத் தனி வயல் கணக்கில் காப்பீடு எடுக்க முடிகிறது. மதிப்பீட்டாளர் நேரில் வந்து எவ்வளவு அறுக்க முடியும் என்று பார்ப்பார். அதற்கே இழுபறி நடந்தது, அது வேறு கதை.

வெண்ணாறு

சிட்டா சொன்னது நெஞ்சில் தைக்கிறது. நான் முதலில் ‘இதெல்லாம் காற்றே இல்லை’ என்றது நிவாரணக் கணக்கு எழுதுகிறவனும் சொல்வதுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கஜாவுக்கு நாலைந்து நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். எங்கே, எப்போது என்று மணிக் கணக்கில் தெரியும், படகை இழுத்துக் கட்ட நேரம் இருந்தது. இதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

மேகம்பார்த்தான்

ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு. முந்தின நாள் ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் தரைக்காற்று’ என்றுதான் வரும். அந்த ஓரிரு இடம் உங்கள் கொல்லையா என்பது மேகம் கட்டிய பிறகுதான் தெரியும். காரைக்காலில் டாப்ளர் ராடார் இருக்கிறது, டெல்டா முழுக்க அதன் கண்ணில் படும். வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையை மாவட்ட வாரியாகப் போடுகிறது, டிஎன்-அலர்ட் செயலியிலும் வருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ராடார் படத்தைத் திறந்து பார்க்கப் பழகுங்கள். திருச்சிக்கு மேற்கே சிவப்புத் திட்டு கிழக்கே நகர்ந்தால், மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் தஞ்சைக்கு ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் வாழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆளையும் மாட்டையும் மரத்தடியில் இருந்து நகர்த்தலாம், மோட்டார் சுவிட்சை அணைக்கலாம், களத்து நெல்லுக்குத் தார்ப்பாயைக் கயிறு போட்டுக் கட்டலாம்.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் காற்று கோடையோடு முடிவதில்லை. ஆவணி புரட்டாசியிலும் மேற்கே உள்மாவட்டத்தில் சாயங்காலம் கட்டுகிற மேகம் ராத்திரியில் நம் பக்கம் வரும். அப்போது குறுவை அறுவடை, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடக்கும் நேரம்.

சிட்டா_அடங்கல்

கல்யாண, காதுகுத்து ஃபிளெக்ஸ் பேனர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் இதே மாதிரி திடீர்க் காற்றில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் போனார்கள். கும்பகோணம் ரவுண்டானாவில் நிற்கிற சாரங்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

மட்டுறுத்துநர்

பேனர் யார் வைத்தது என்ற அரசியலுக்குள் போன நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காற்றைப் பற்றி மட்டும் பேசவும்.

பழைய_மிராசு

வாழைக்கு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் தம்பி. அன்றைக்கு முடியாது, முன்னாலேயே செய்யலாம். எங்கள் பக்கம் படுகையின் மேற்கு ஓரத்தில் மூங்கிலும் சவுக்கும் வரிசையாக நிற்கும். இப்போது நிழல் விழுகிறது, அரைக் குழி வீணாகிறது என்று வெட்டிவிட்டார்கள். முட்டு கொடுப்பதிலும் ஒன்று கவனியுங்கள். எல்லோரும் தார் சாய்கிற பக்கம் மட்டும் ஒற்றைக் கம்பு ஊன்றுகிறார்கள். அது தாரின் கனத்துக்கு, காற்றுக்கு அல்ல. இரண்டு கம்பைக் கத்தரியாகக் கட்டி, மரத்துக்கு மரம் கயிறு போட்டு, ஓரத்து வரிசையை முளைக்குச்சியில் இழுத்துக் கட்டினால் கொஞ்சமாவது தாங்கும். நடும்போதே பட்டத்தைக் கணக்குப் போட்டு, சித்திரை வைகாசியில் தார் முற்றி நிற்காதபடி பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. சந்தை விலை அதற்கு இடம் கொடுப்பதில்லை, அது தெரிந்ததுதான்.

மேகம்பார்த்தான்

ஐயா சொன்ன காற்றுத்தடுப்பு வரிசை நிச்சயம் உதவும், 60, 70 கி.மீ. வீச்சு வரை. அதற்கு மேல் போனால் சவுக்கே வாழை மேல் விழும். கத்தரி முட்டும் அப்படித்தான். ஆனால் இங்கே வருகிற பெரும்பாலான காற்று அந்த 60, 70-க்குள்தான்.

படுகைவாசி

மனு எழுதிவிட்டேன். கிராம நிர்வாக அலுவலர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார், தோட்டக்கலைத் துறையிலும் சொல்லியாயிற்று. முற்றிய தார்களை மட்டும் வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடப் போகிறேன். சிட்டா அண்ணே, படம் எப்படி எடுக்க வேண்டும்? போனில் எடுத்தால் ஏற்பார்களா?

சிட்டா_அடங்கல்

போனே போதும், இருப்பிடமும் தேதியும் படத்தில் பதிவாகிற மாதிரி எடுங்கள். எல்லைக் கல் அல்லது உங்கள் மோட்டார் கொட்டகை தெரிகிற மாதிரி நாலு மூலையில் இருந்தும் ஒவ்வொன்று. அப்புறம் மரத்தின் வேர் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி வரிசைக்கு ஒன்று. நிற்கிற பங்காளி வாழையையும் சேர்த்து எடுங்கள், காற்று துண்டாக அடித்தது என்பதற்கு அதுவே சாட்சி. கிராம நிர்வாக அலுவலர் வந்து எண்ணி முடிக்கும் வரை ஒரு மரத்தையும் வெட்டி அப்புறப்படுத்தாதீர்கள். வியாபாரியிடம் தாரை மட்டும் அறுக்கச் சொல்லுங்கள்.